ஸ்டாக்ஃபிஷ்: எதிராளியைக் குறைத்து மதிப்பிடாத சதுரங்க மென்பொருள்

கட்டணமின்றிக் கிடைக்கும் சதுரங்க மென்பொருள்களில் ஸ்டாக்ஃபிஷை விஞ்சியது இல்லை என்றே சொல்வேன். நாம் எந்தக் காயை நகர்த்தினாலும் எதிராளி அதற்கான மிகச் சிறந்த பதிலையே தருவார் என்று கொண்டு, அப்போதும் நமக்குப் பாதகம் குறைவாக உள்ள வழியைத் தேடுவதே இதன் அடிப்படை. 1928இல் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் நிறுவிய தேற்றத்தின் வழிவந்த சிந்தனை அது. பயனற்றவை எனத் தெளிவான நகர்த்தல் கிளைகளை மேலும் ஆராயாமல் வெட்டிவிடுவதால், சாதாரண மடிக்கணினியிலும் நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பரிசீலிக்கிறது. 2020இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில் எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நரம்பியல் வலைப்பின்னல் (neural network) சேர்ந்தபின் நிலைகளின் மதிப்பீடு மேலும் கூர்மையடைந்தது.

குறைகளும் உண்டு. அரசனைச் சுற்றி அரண் அமைத்துச் சமன் செய்துவிடக்கூடிய சில நிலைகளில், முன்னேற வழியே இல்லாதபோதும், ஒரு தரப்புக்குப் பெரும் சாதகம் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். தோற்கும் ஆட்டத்தில் மனிதரைத் தடுமாறச் செய்யும் பொறியையும் இது தேடித் தருவதில்லை. எதிராளி தவறவே மாட்டார் என்பதல்லவா அதன் கணக்கு! காரணமும் சொல்லாது: யாருக்கு எவ்வளவு சாதகம் என்பதைக் குறிக்கும் +1.5 போன்ற ஓர் எண்ணும் நகர்த்தல் வரிசையும் மட்டுமே கிடைக்கும். தனக்கெனப் பலகை இல்லாததால் வேறொரு செயலியுடன் இணைக்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாதவர்கள் லிசெஸ் (Lichess) என்னும் சதுரங்க இணையதளத்தில் உலாவியிலேயே இயக்கலாம்.