டேவிட்டா, டாமா?

இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக் காலத்துச் சிறுவர் உழைப்பைக் கதையில் படிக்க எதில் தொடங்கலாம் என்று குழம்புகிறவர்களுக்கு, இரண்டு ஆங்கில நாவல்கள்.

அளவு: டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ (1850) தலையணை கனம், ஆனால் இதற்கு 11ஆம் அத்தியாயம் போதும். கிங்ஸ்லியின் ‘வாட்டர் பேபீஸ்’ (1863) சின்னது.

வேலை: பத்து வயது டேவிட் எலிகள் ஓடும் கிடங்கில் காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்து, கழுவி, லேபிள் ஒட்டி, தக்கை அடைக்கிறான், வாரத்துக்கு 6, 7 ஷில்லிங். டிக்கன்ஸே 12 வயதில் ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டியவர், அது எழுத்தில் தெரிகிறது. ‘வாட்டர் பேபீஸ்’ நாயகன் டாம் புகைபோக்கிக்குள் ஏறிச் சுத்தம் செய்கிற சிறுவன். முட்டியும் முழங்கையும் தேய்ந்து புண்.

நிஜம்: கிங்ஸ்லி சீக்கிரமே அவனை ஆற்றில் இறக்கி மாயக்கதைக்குப் போய்விடுகிறார், எனக்கு அது ஏமாற்றம்தான்.

சரி, பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட டாம் (பிற இனத்தவர் மீதான கேலிகளைத் தாண்டிவிடுங்கள்). வேலையை உள்ளிருந்து பார்க்க டேவிட்.