பிவிசி கூண்டு: ஈரம் நிற்கிறது, கதவுதான் நகர மறுக்கிறது

விலை குறைந்திருக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற பாம்புக் கூண்டுதானே இது? வாங்கலாமா? இல்ல, என் கண்ணாடித் தொட்டிக்கே ஈரத்துக்கு ஒரு ஃபாகர் போட்டுச் சமாளிச்சுடலாமா?" ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது.

பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு, Ball python), நாலுக்கு இரண்டுக்கு இரண்டு அடி பிவிசி கூண்டு, கூரையில் வெப்பத் தகடு, அதன் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். இந்த அளவில் வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை என்பதால் விட்டுவிடுகிறேன். நான் இருப்பது டொராண்டோவில். விஷப் பாம்புகளுக்கும் மூன்று மீட்டருக்கு மேல் வளரும் பாம்புகளுக்கும்தான் இந்த நகரத்தில் தடை, இது அதில் பாதி வளர்ந்தாலே பெரிய விஷயம். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நம்மூர் மலைப்பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா என்று ஆசைப்படாதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உள்ளே தள்ளிவிடும்.

முதலில் ஃபாகர், அதாவது தண்ணீரைப் பனிபோல் ஊதி ஈரம் ஏற்றும் கருவி. வேண்டாம்.

இங்கே குளிர்காலத்தில் பிரச்சினை தண்ணீர் இல்லை, காற்று. வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் 2.4 கிராம் நீராவிதான் நிற்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதை 21 டிகிரிக்குக் கொண்டுவரும்போது 18 கிராம் வரை கொள்ளும். ஆனால் உள்ளே இருப்பது அந்த 2.4தான், அதாவது அதிகபட்சம் 13 சதவீத ஈரப்பதம். சமையல், குளியல், நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை இருபது சொச்சத்துக்கு ஏற்றும். சட்டையை முழுசாக உரிக்கப் பாம்புக்கு வேண்டியது 60 முதல் 80. மேலே கம்பி வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் நீங்கள் எவ்வளவு தெளித்தாலும், விளக்கின் சூட்டில் அது வலை வழியே ஏறி வரவேற்பறைக்குப் போய்விடும். வீட்டுக்கே ஈரம் கொடுத்த புண்ணியம் கிடைக்கும், பாம்புக்கு ஒன்றும் கிடைக்காது.

இதற்குத் தீர்வாகக் கடைக்காரர் என் தலையில் கட்டியதுதான் ஃபாகர். வெள்ளைப் புகை குழாய் வழியே இறங்கும்போது பார்க்க ஜோராக இருக்கும். வந்தவர்கள் எல்லாம் போனில் படம் எடுத்தார்கள். புகைபோல் தெரிவது நுண்ணிய நீர்த்துளிகள். அவை சென்சார் மேல் படிந்ததும் திரை 99 காட்டும், கன்ட்ரோலர் ஃபாகரை நிறுத்தும், அரை மணியில் பழையபடி 35. நாள் முழுக்க இதே ஏற்ற இறக்கம். ஒன்டாரியோ ஏரித் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு எல்லாம் கண்ணாடியில் வெள்ளைப் பொடியாகப் படியும். அதைத் தவிர்க்கக் காய்ச்சி வடித்த நீர் வாங்கி ஊற்ற வேண்டும். தொட்டியில் தேங்கும் நீரில் கிருமி வளர்ந்தால் அதையும் சேர்த்தே பாம்பின் நுரையீரலுக்குள் அனுப்பும். இத்தனைக்கும் நனைவது மேல்மண் மட்டும். பாம்பு வயிற்றை வைத்துப் படுக்கும் இடம் ஈரமாகவே கிடந்தால் அடிச்செதில்கள் புண்ணாகும்.

பால் பைத்தான் ஒன்றும் மேகம் தவழும் மலைக்காட்டுப் பிராணி இல்லை. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில், எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிக்கும் பாம்பு அது. மேலே வெயில் காய்ந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். ஆக, கூண்டில் செய்ய வேண்டியதும் அதேதான்: ஓட்டையை அடைப்பது, அடிமண்ணை ஈரமாக வைப்பது.

இந்த பிவிசி கூண்டு அதைப் பிரமாதமாகச் செய்கிறது. சுவர் எல்லாம் பலகை, பின்பக்கம் மட்டும் சின்னக் காற்றுத் துளைகள். நாலு அங்குல உயரத்துக்குத் தென்னை நார்த்தூளும் தேங்காய் மட்டைச் சில்லுகளும் கலந்து போட்டிருக்கிறேன். (பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்த தூளை, இங்கே செங்கல் வடிவில் அழுத்தி டாலர் கணக்கில் விற்கிறார்கள். வாங்கும்போதெல்லாம் வயிறு எரியும்.) நாலு மூலையிலும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய்த் தங்கிவிடும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், விரலை உள்ளே விட்டால் ஜில்லென்று இருக்கும். பூஞ்சை வந்தால் தின்பதற்கு ஸ்ப்ரிங்டெயில் பூச்சிகளை விட்டிருக்கிறேன். ஜனவரியிலும் வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும், ஈரப்பத மீட்டரின் முள் அசையாது.

மீட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். காற்றில் இருக்கும் நீர் ஒன்றேதான் என்றாலும், 32 டிகிரி இருக்கும் சூடான முனையில் 55 காட்டினால், 25 டிகிரி முனையில் அதுவே 80ஐத் தொடும். ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். மீட்டரையே நம்பலாமா என்றால், பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மீட்டரோடு ஒரு ஜிப் பைக்குள் மூடி ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது, ஏழைக் கூட்டிக்கொண்டு பிழைப்பு ஓடுகிறது.

பலன் சட்டை உரிக்கும்போது தெரியும். கண் பால் பூத்து நீலமாகும், பின் தெளியும், அதற்குச் சில நாளில் ஒரு காலையில் மரக்கட்டைக்குப் பக்கத்தில் காலுறையைக் கழற்றிப் போட்டதுபோல் முழுச் சட்டை உள்புறம் வெளியாகக் கிடக்கும். எடுத்ததும் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கண் இருந்த இடத்தில் இரண்டு வட்டச் சில்லுகள், கண்ணாடிபோல் தெளிவாக, இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது இன்னும் பாம்பின் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வால் நுனி. அங்கே பழைய தோல் வளையமாக நின்றுவிட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுனியே போய்விடும். கண்ணாடித் தொட்டிக் காலத்தில் துண்டு துண்டாக, பொரித்த அப்பளத்தை நொறுக்கிய கதியில்தான் வரும். இந்தக் கூண்டுக்கு மாறிய பிறகு ஒருமுறைகூட அப்படி இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டேனா, இனி கதவு.

முன்னால் இரண்டு நகரும் கண்ணாடிகள், கீழே பிளாஸ்டிக் ட்ராக். மண் வெளியே விழாமலிருக்க ட்ராக்கை ஒட்டி உள்பக்கம் ஒரு தடுப்பு. அதன் உயரம் மூன்று அங்குலம். ஈரம் நிற்க வேண்டுமானால் நாலு அங்குல மண் வேண்டும் என்று அதே கம்பெனியின் கையேடே சொல்கிறது! வடிவமைத்தவரும் கையேடு எழுதியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலும். முன்பக்கம் மண்ணைச் சரித்துப் போட்டாலும், பாம்பு ராத்திரி ஒரு சுற்று வந்தால் போதும், நார்த்தூள் மொத்தமும் ட்ராக்கில். காய்ந்தால் ஊதித் தள்ளலாம். ஈரமானால் களிம்பாக இறுகிவிடும். கதவைத் தள்ளினால் பல் கூசும் ஒரு சத்தம். பாதியில் நிற்கும், அழுத்தித் தள்ளினால் சடாரென்று ஓடி மறுமுனையில் மோதும், பாம்பு சுருண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரைக்கு வந்த நேரமாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. பழைய பல் துலக்கும் பிரஷ், வாக்வம் கிளீனரின் குறுகிய மூக்கு, சமையலறைக் கரண்டியின் காம்பு, எல்லாம் இந்த ட்ராக்குக்காக அலமாரியில் தனியாக இருக்கின்றன. காம்புக்காக வீட்டில் வாங்கிய திட்டு தனி.

கம்பெனிக்கு எழுதினேன். "மண்ணின் அளவைக் குறைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது. குறைத்தால் ஈரம் போகும், ஈரத்துக்காகத்தானே ஐயா இதை வாங்கியதே. ஒரு அக்ரிலிக் பட்டையை வெட்டி உள்ளே ஒட்டித் தடுப்பை ஐந்து அங்குலமாக்கிப் பார்த்தேன். கொட்டுவது பாதியாகக் குறைந்தது. சத்தம் குறையவில்லை.

நியாயமாகப் பார்த்தால் பாம்பின் பக்கமிருந்து இதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். மூச்சில் இரைச்சல் இல்லை, மூக்கில் குமிழி இல்லை, சட்டை முழுசாக வருகிறது, மின்கட்டணமும் குறைந்திருக்கிறது. ஆனால் தினமும் கதவைத் திறப்பவன் நான்தான். இன்று காலையும் அது பாதியில் நின்றது. அதனால் சொல்கிறேன், விலை குறைந்தாலும் இதை வாங்காதீர்கள். கீல் வைத்துத் திறக்கும் கதவுள்ள பிவிசி கூண்டுகள் வருகின்றன, கொஞ்சம் விலை கூட. வாங்குமுன் கடையில் நிறத்தையும் விளக்கையும் விட்டுவிட்டு, தடுப்பு எத்தனை அங்குலம் என்று மட்டும் கேளுங்கள். ஐந்துக்குக் கீழே சொன்னால் நடையைக் கட்டுங்கள்.