ஒரே ஆங்கிலச் சொல், நாலு போலிஷ் சொல்: அகராதிகளோடு என் அனுபவம்

ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்’ என்று ஒரு சொல் இருக்கிறது. போலந்து நாட்டு மொழியான போலிஷில் கடைக்காரர் திருப்பித் தரும் பணம் ‘ரெஷ்டா’. பர்ஸில் கிடக்கும் காசு ‘ட்ரோப்னே’. வழியில் ரயில் மாறி ஏறுவது ‘ப்ஷெஷாட்கா’. ஒன்று வேறொன்றாவது ‘ஸ்மியானா’. நாலும் தனித்தனிச் சொற்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது.

போலந்தின் கிராகோவ் நகரத்துக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இந்த மாதிரிச் சொற்களோடுதான் என் பொழுது போகிறது. மென்பொருள் திரைகளில் வரும் ஆங்கில வரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் புரிந்துகொள்ளும்படி குறிப்பு எழுதித் தருவது வேலையில் ஒரு பகுதி. அலுவலகத்துக்கு வெளியே கடை, டாக்டர், வீட்டுக்கார அம்மா எல்லாம் போலிஷ்தான். தமிழ்–போலிஷ் அகராதி என்று கையில் வைத்துப் புரட்ட எனக்கு ஒன்று அமையவில்லை. அதனால் ஆங்கிலம் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்படிப் பல வருடம் புழங்கிய கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் டிக்கி. இலவச இணைய அகராதி, போனிலும் கிடைக்கும். ஒரே பெட்டியில் ஆங்கிலமும் போடலாம், போலிஷும் போடலாம். பொருள்களை எண் போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போலிஷ் சொல்லும் உச்சரிப்பும் தருகிறது. ஆனால் இதை ஒரு திசையில் மட்டும் பயன்படுத்துவது பாதி வேலை. ‘ஆர்டர்’ என்று போட்டு, வரும் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அந்தப் போலிஷ் சொல்லையே திரும்பப் பெட்டியில் போட்டு, ஆங்கிலத்தில் எதெல்லாம் வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘ஸமுவியேனியே’ என்றால் ஹோட்டலிலோ கடையிலோ கொடுக்கும் ஆர்டர். ‘கொலெய்னோஷ்ச்’ வரிசைமுறை, ‘ரோஸ்காஸ்’ ராணுவக் கட்டளை, ‘ஸாகோன்’ துறவிகளின் சபை. திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். பார்க்காவிட்டால் பீட்சாவுக்குப் பட்டாளத்துக் கட்டளை போட்டது மாதிரி ஆகிவிடும்.

காகிதத்தில் என்றால் 2002-இல் வந்த பே-வு-என் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலம்–போலிஷ் பெரிய அகராதி. பே-வு-என் போலந்தின் ஒரு பதிப்பகம். தூக்கவே ஒரு கை போதாது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால், இது எந்தத் துறைச் சொல், எதோடு சேர்ந்து வரும் என்று சின்னக் குறிப்பு இருக்கும். நான் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். 1964-இல் வந்த ஸ்டனிஸ்வாஃப்ஸ்கி அகராதியும் அந்தக் கடைகளில் கிடைக்கிறது. பழைய நாவல் படிக்க நல்ல துணை, கணினி வேலைக்கு அதை எடுக்க வேண்டாம்.

கொஞ்சம் போலிஷ் வந்த பிறகு நான் அதிகம் திறப்பது போலிஷ்–போலிஷ் பெரிய அகராதி. போலந்து அறிவியல் கழகத்தின் போலிஷ் மொழி நிறுவனம் இங்கே கிராகோவிலிருந்தே நடத்துகிறது. 2007-இல் தொடங்கிய திட்டம், முழுதும் இலவசம். இதில் எனக்குப் பிடித்தது, ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்ற பட்டியல். ‘ஸமெக்’ என்ற சொல் கோட்டையையும் குறிக்கும், பூட்டையும் குறிக்கும், ஜிப்பையும் குறிக்கும். பக்கத்துச் சொற்களைப் பார்த்தால் எது எந்த ஸமெக் என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களும் அங்கேயே இருக்கின்றன. போலிஷில் ஏழு வேற்றுமை என்பதால் இது சின்ன உதவி இல்லை.

இயந்திர மொழிபெயர்ப்புக்கு வருவோம். டீப்எல் 2017-இல் வந்தபோது அதிலிருந்த ஏழு மொழிகளில் போலிஷும் ஒன்று. எந்தக் கருவியானாலும் என் அனுபவம் ஒன்றுதான்: தனிச் சொல்லைக் கொடுக்காதீர்கள், வாக்கியமாகக் கொடுங்கள். ‘கீ’ என்று மட்டும் கொடுத்தால் கதவுச் சாவியா, கீபோர்டு விசையா, பாட்டின் சுருதியா, வரைபடத்தின் குறி விளக்கமா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? போலிஷில் க்ளூச், க்ளாவிஷ், டொனாட்சியா, லெகெண்டா என்று நாலும் வேறு. ஒரே வாக்கியத்தை இரண்டு மொழியிலும் அருகருகே காட்டும் தளங்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். போலந்து 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால், அங்கே வரும் போலிஷ் வாக்கியங்களில் ஒன்றியத்தின் சட்ட ஆவணங்கள் நிறைய. வாடகை ஒப்பந்தத்துக்கு அருமை, காய்கறிக் கடைக்கு அதே நடை சிரிப்பை வரவழைக்கும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். நாம் ஆங்கிலத்தை நடுவில் வைப்பதால் தொலைப்பது நிறைய. மேலே சொன்ன ‘சேஞ்ச்’ விஷயத்தையே எடுங்கள். தமிழில் நாம் மீதி வேறு, சில்லறை வேறு என்றுதான் சொல்கிறோம். ‘ரெஷ்டா’ அப்படியே நம் மீதி, மிச்சம் இருக்கும் எதற்கும் அதே சொல்தான். ‘ட்ரோப்னே’ சில்லறை. ‘ஃப்ளோர்’ ஆங்கிலத்தில் ஒன்று. நமக்குத் தரை வேறு, மாடி வேறு. போலிஷிலும் ‘பொத்வோகா’ தரை, ‘பியென்ட்ரோ’ மாடி. கீழ்த்தளத்துக்கு ‘பார்ட்டெர்’ என்று தனிச் சொல், அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி, நம் ஊர்க் கணக்கேதான். ‘நெயில்’ நகமா ஆணியா என்று தமிழ் பேசுகிறவனுக்குக் குழப்பமே வராது, போலந்துக்காரருக்கும் வராது. ‘ஹாட்’ என்றால் சூடா காரமா? ‘கொரோன்ட்சி’ சூடு, ‘ஓஸ்ட்ரி’ காரம். கத்தி கூர்மையாக இருந்தாலும் ஓஸ்ட்ரிதான். ‘அங்கிள்’ கதை இன்னும் சுவை. பழைய முறைப்படி அப்பாவின் சகோதரர் ‘ஸ்ட்ரிய்’, அம்மாவின் சகோதரர் ‘வுய்’. இன்றைக்குப் பேச்சில் இருவரையும் ‘வுயெக்’ என்று கூப்பிடுவதுதான் அதிகம். ஆனால் சித்தப்பா–மாமா வித்தியாசத்தை ஒரு போலந்துப் பாட்டியிடம் விளக்க வேண்டியதில்லை, தலையாட்டிவிடுவார்.

அதனால் இப்போது என் வழக்கம் இது. அகராதியைத் திறக்கும் முன் அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்வேன் என்று ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். எந்தப் பொருள் என்பது அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு டிக்கியின் பட்டியலில் எந்த எண் என்று பார்ப்பது சுலபம்.

வேலையில் இதே பழக்கம் இன்னும் கைகொடுக்கிறது. திரையில் ‘ஓப்பன்’ என்று வந்தால் அது ‘திற’ என்ற பொத்தானா, ‘திறந்திருக்கிறது’ என்ற நிலையா? பொத்தான் என்றால் ‘ஒட்ஃபுஷ்’. நிலை என்றால் எது திறந்திருக்கிறதோ அந்தப் பெயர்ச்சொல்லின் பாலைப் பொறுத்து ஒட்ஃபார்ட்டி, ஒட்ஃபார்ட்டா, ஒட்ஃபார்ட்டே. ‘ஃபைல்’ கணினியில் ‘ப்ளிக்’, அரசு அலுவலகத்தில் ‘அக்டா’, பட்டறையில் அரம் என்றால் ‘பில்னிக்’. மென்பொருள் வரிகளை மொழிபெயர்க்க நிரலாளர்கள் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஒவ்வொரு வரிக்கும் சூழல் குறிப்பு சேர்க்க இடம் இருக்கிறது. நிரலாளர்கள் சோம்பல்படாமல் அதை நிரப்பினாலே பாதிச் சண்டை ஓயும். அப்புறம் எண்ணிக்கை. ஒன்று என்றால் ப்ளிக், 2 முதல் 4 வரை ப்ளிக்கி, 5-லிருந்து ப்ளிக்கூஃப். 12-க்கு ப்ளிக்கூஃப், 22-க்குத் திரும்பவும் ப்ளிக்கி! ஒருமை, பன்மை என்று இரண்டே வடிவம் வைத்து எழுதிய நிரலைப் போலிஷுக்குக் கொண்டுபோனால் இங்கேதான் உடையும்.

தமிழ் வழி எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். நீச்சல் தெரியும், அவரைத் தெரியும், அவர் வருவார் என்று தெரியும்: நமக்கு எல்லாமே ‘தெரியும்’. போலிஷில் உமியெம், ஸ்னாம், வியெம். கண்ணாடியும் அப்படித்தான். பொருளாகிய கண்ணாடி ‘ஷ்க்வோ’, ஜன்னலில் இருப்பது ‘ஷிபா’, முகம் பார்ப்பது ‘லுஸ்ட்ரோ’, மூக்கில் மாட்டுவது ‘ஒகுலாரி’. இந்த இடங்களில் ஆங்கிலமே கொஞ்சம் பரவாயில்லை. ‘போ’ என்ற வினைக்கு ஆங்கிலமும் உதவாது, தமிழும் உதவாது. நடந்து போனால் ஒரு வினை, வண்டியில் போனால் வேறு வினை, வழக்கமாகப் போய்வந்தால் இரண்டுக்கும் இன்னும் வேறு. அதற்கு எந்த அகராதியும் எனக்குப் பெரிதாக உதவவில்லை. டிராமில் பக்கத்துச் சீட்டில் போனில் பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் வந்திருக்கிறது.