குன்னூர் சனிக்கிழமை ஏ.ஏ. மீட்டிங் – ஒன்றரை வருஷமா போறவன் எழுதுறேன்

குடியை விட வழி தேடுறவங்களுக்காக இதை எழுதுறேன். குன்னூர்ல ஒரு சர்ச் ஹால்ல சனிக்கிழமை சாயங்காலம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்குற கூட்டம்) மீட்டிங் நடக்குது. ஃபீஸ் கிடையாது, கடைசில ஒரு டப்பா சுத்தி வரும், இருந்தா போடலாம், இல்லன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஹால்தான் சர்ச்சோடது, மீட்டிங் எந்த மதத்துக்கும் சொந்தமில்ல, எங்க செட்ல ஒரு பாயும் ரெண்டு படுகர் அண்ணனுங்களும் இருக்காங்க.

மூணு மாசம் நல்லா இருந்துட்டு ஒரு கல்யாண வீட்ல மறுபடி குடிச்சிட்டேன், அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் போறதுன்னு அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. பழைய மெம்பர் ஒருத்தர், எஸ்டேட்ல கவாத்து வெட்டி காய்ப்பு காய்ச்ச கை, டீக்கடைல என்னைப் பாத்துட்டு பர்ஸ்ல இருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து வெச்சாரு (மீட்டிங்ல பேசுறது வெளிய வரக்கூடாது, இது வெளிய சொன்னது, அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்).

புனித மார்க் ஜி தியான்சியாங். சீனாக்காரரு, ஏழைங்களுக்கு காசு வாங்காம பாத்த வைத்தியர். வயித்து வலிக்கு அபின் எடுக்கப் போயி அதுலயே மாட்டிக்கிட்டாரு. பாவசங்கீர்த்தனத்துல (ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) திரும்பத் திரும்ப இதையே சொல்றாரே, திருந்துற எண்ணமே இல்ல போலன்னு ஃபாதர் பாவமன்னிப்பு குடுக்கல, இது வியாதின்னு அப்ப யாருக்குத் தெரியும். மன்னிப்பு இல்லன்னா நன்மையும் (பூசைல குடுக்குற அப்பம்) கிடையாது, 30 வருஷம் அதை வாங்காமலே கோயிலுக்குப் போயிருக்காரு. 1900ல வெளிநாட்டுக்காரங்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் எதிரா சீனால நடந்த பாக்ஸர் கலவரத்துல குடும்பத்தோட புடிச்சிட்டுப் போனப்ப, எங்க வீட்ல யாரும் தனியா சாகக்கூடாது, என்னைக் கடைசியா வெட்டுங்கன்னு கேட்டு, மாதா மன்றாட்டுமாலை பாடிட்டே நின்னாராம். அபினை அவரால கடைசி வரை விட முடியல. 2000ல போப்பாண்டவர் சீனால விசுவாசத்துக்காக உயிர் விட்ட 120 வேதசாட்சிகளைப் புனிதரா அறிவிச்சதுல இவரும் ஒருத்தர்.

"இவருக்கு நன்மையே குடுக்கல, அப்பவும் வந்தாரு. உனக்கு டீயும் வர்க்கியும் குடுக்குறோம், வாடா தம்பி"ன்னாரு பெரியவர். அந்த சனிக்கிழமையே போயிட்டேன். இப்பவும் டாஸ்மாக்கைத் தாண்டும்போது முப்பது வருஷம், முப்பது வருஷம்னு வாய்க்குள்ள சொல்லிட்டேதான் நடக்குறேன்.

குறைன்னா தகரக் கூரை, மழை புடிச்சா பக்கத்துல இருக்கவர் பேசுறதே கேக்காது. முக்கியமா ஒண்ணு, தினமும் நிறைய குடிக்கிறவங்க டாக்டரைப் பாக்காம திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம், இங்க மருந்து கிடையாது. ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க. உள்ள வரத் தயங்கி வாசல்லயே நின்னா மங்கி குல்லா போட்ட ஒரு பெரியவர் எந்திரிச்சு வருவாரு, அவர்தான்.