31 லட்சம் போச்சு: பழைய ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மெஷின் வந்து இறங்கி இன்றோடு 22 நாள். கோவை கணபதியில் எங்கள் ஒர்க் ஷாப் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கொடுத்த பணம் 31 லட்சம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, விடிந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் ஓடும் மில்லிங் மெஷின்) இருக்கிறது, நான்கு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். பம்ப் பாகங்கள்தான் பல வருடமாக ஜாப் ஒர்க். ஒரு ப்ளோயர் கம்பெனி, அலுமினியக் கட்டையிலிருந்தே கடைந்தெடுக்கும் இம்பெல்லர், அதாவது காற்றைத் தள்ளும் இறக்கைச் சக்கரம் கேட்டது. இறக்கை முறுக்கிக்கொண்டு போகும் வகை. கட்டையைப் பிடித்திருக்கும் டேபிளைச் சாய்த்து நிறுத்தி ஒரு பக்கம் வெட்டி, மறுபடி திருப்பி நிறுத்தி இன்னொரு பக்கம் வெட்டினால் அந்த இறக்கையில் கோடு விழும், வேர்ப்பகுதிக்கு டூல் எட்டாது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஐந்து அச்சும் (மூன்று நேர்த் திசை, அதோடு சாய்வு, சுழற்சி) சேர்ந்து நகர வேண்டும். அதனால்தான் ஃபைவ் ஆக்சிஸ் தேடினேன். புது மெஷினுக்கு வாங்கிய கொட்டேஷன் எல்லாம் கோடியைத் தாண்டியது. அப்புறம்தான் பழைய மெஷின் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் இந்த விளம்பரத்தைப் பார்த்தேன். 'ஃபுல் ஃபைவ் ஆக்சிஸ், 2017 மாடல், ரன்னிங் கண்டிஷன்.' விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். 34 லட்சம் சொல்லி 31 லட்சத்துக்கு வந்தான்.

பெங்களூரு பீன்யாவில் அவனுடைய கொடவுன். நேரில் போனேன். "எந்த ஊருங்கண்ணா?" என்றான். கோயமுத்தூர் என்றதும், "நானும் உடுமலைப் பக்கம்தானுங்கண்ணா, நம்மூர் ஆளுக்கு நான் தப்பான மெஷின் குடுப்பேனா?" என்றான். டீ வாங்கிவரச் சொன்னான். பளபளவென்று ஒரு இம்பெல்லரை எடுத்து என் கையில் வைத்தான். "இது இந்த மெஷின்ல ஓட்டினதுதாண்ணா." இறக்கையில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. நான் நம்பியது அந்த இடத்தில்தான். கையில் இருந்த ஜாப்பை வைத்து மெஷினை எடை போட்டுவிட்டேன். அதை எந்த மெஷினில் ஓட்டினார்களோ, யாருக்குத் தெரியும்?

ஓட்டிக் காட்டினான். ஒரு அலுமினியக் கட்டை, டேபிள் சாய்ந்தது, நின்றது, 'புஸ்' என்று காற்றுச் சத்தம், அப்புறம் வெட்டு. மறுபடி திரும்பியது, நின்றது, 'புஸ்', வெட்டு. அந்தச் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. அது ரோட்டரி டேபிளின் கிளாம்ப் பிடிக்கிற சத்தம். டேபிளைக் கிளாம்ப் போட்டுப் பூட்டிவிட்டு வெட்டினால் அந்த நேரத்தில் நகர்வது மூன்று அச்சு மட்டும்தான். இதைத்தான் த்ரீ பிளஸ் டூ என்பார்கள். ஐந்தும் சேர்ந்து ஓடும் வேலையில் வெட்டுக்கு வெட்டு கிளாம்ப் போட வழியே கிடையாது. இத்தனை வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தலையாட்டினேன்.

அன்றைக்கே 5 லட்சம் அட்வான்ஸ். லாரியில் ஏற்றும் முன் மீதி 26 லட்சம். பேங்க் லோன் போக வீட்டு நகையும் இதில் போயிருக்கிறது. பில் 20 லட்சத்துக்குத்தான் போட்டான், 11 லட்சம் ரொக்கமாக வாங்கிக்கொண்டான். அதற்கு நான் ஒத்துக்கொண்டது என் தப்பு, மறைக்க விரும்பவில்லை.

மெஷின் வந்தது, லெவல் பார்த்தோம், கரன்ட் கொடுத்தோம். எங்கள் புரோகிராமர் பையன் இம்பெல்லர் புரோகிராமை ஏற்றி ஸ்டார்ட் அழுத்தினான். ஜி43.4 வரியில் நின்றுவிட்டது. 10ஆம் எண் அலாரம். டேபிள் சாயச் சாய டூல் முனையை அதன் இடத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை அது. அந்தக் கட்டளையே இந்த மெஷினுக்குத் தெரியாது. சரி என்று எம்டிஐயில் (கட்டளையைப் பேனலிலேயே நேரடியாகத் தட்டி ஓட்டும் முறை) ஒரே வரியில் ஐந்து அச்சுக்கும் ஒரு மில்லிமீட்டர், ஒரு டிகிரி கொடுத்துப் பார்த்தோம். 15ஆம் எண் அலாரம். இத்தனை அச்சு ஒரே சமயத்தில் முடியாது என்று அர்த்தம். பையன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

விற்றவனுக்குப் போன் போட்டேன். "ஆப்ஷன் லாக் ஆகியிருக்கும்ணா, பாராமீட்டர் ஓப்பன் பண்ணினா ஓடும், ஆளு அனுப்பறேன்." நான்கு நாள் போனது. "ஆளு சேலத்துல மாட்டிக்கிட்டான்ணா." இன்னும் மூன்று நாள். அதற்குள் எனக்குத் தெரிந்த ஒரு சர்வீஸ் இன்ஜினியரை நானே கூட்டிவந்தேன். பேனலைத் திறக்கக்கூட இல்லை, திரைக்கு மேலே இருந்த பெயரைப் பார்த்தார். ஃபானுக் 0ஐ–எம்எஃப், மெஷினை ஓட்டும் கன்ட்ரோலரின் மாடல் அது. "அண்ணா, இதுல ஒரே நேரத்துல சேர்ந்து ஓடறது நாலு அச்சுதான். அஞ்சும் சேர்ந்து ஓடணும்னா 31ஐ–பி5 மாதிரி கன்ட்ரோலர் வேணும். இது லாக் இல்லீங்க, திறக்கறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல." சாதாரண விஎம்சி மேல் பின்னாளில் சாய்ந்து சுழலும் ஒரு டில்டிங் ரோட்டரி டேபிளை ஏற்றியிருக்கிறார்கள். கன்ட்ரோலரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது செய்யும் வேலையை அது சரியாகச் செய்கிறது. பொய் சொல்லி விற்றவன்தான் குற்றவாளி.

கையோடு டேபிளுக்கு டயல் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்தார். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி முள்ளை வைத்து, கிளாம்ப் எடுத்துவிட்டுக் கையால் தள்ளினார். 60 மைக்ரான் ஆடியது. டேபிளைத் திருப்பும் பல்சக்கரம், வார்ம் வீல், தேய்ந்து கிடக்கிறது. அதாவது த்ரீ பிளஸ் டூ வேலைக்குக்கூட இந்த டேபிளை நம்பி ஜாப் ஏற்ற முடியாது.

அன்று சாயங்காலம் விற்றவனை மறுபடி கூப்பிட்டேன். அப்போது சொன்னான்: "ஃபைவ் ஆக்சிஸ்னுதான் சொன்னேன். அஞ்சும் ஒண்ணா ஓடும்னு எப்பண்ணா சொன்னேன்?" நம்மூர் ஆளு என்று டீ வாங்கிக்கொடுத்த அதே வாய். அதற்குப் பிறகு போனை எடுப்பது ஒரு பெண். "சார் மீட்டிங்ல இருக்காருங்க." வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான். அந்த ஆன்லைன் தளத்துக்கு எழுதினேன். விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்துவிடுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று இரண்டே வரியில் பதில். அப்படியென்றால் அந்தப் பச்சை டிக் எதற்கு? அந்த டிக்கைப் பார்த்துத்தானே பீன்யாவுக்கு வண்டி ஏறினேன்?

வக்கீலிடம் போனால் முதலில் பில்லைக் கேட்டார். அதை அன்றுதான் நான் ஒழுங்காகப் படித்தேன். 'பழைய விஎம்சி, ரோட்டரி டேபிளுடன், உள்ளது உள்ளபடி.' ஃபைவ் ஆக்சிஸ் என்ற வார்த்தை எங்குமே இல்லை. 11 லட்சம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தீர்களா என்றார். எடுக்கவில்லை. போலீஸில் புகார் கொடுக்கலாம், பார்ப்போம் என்கிறார். ப்ளோயர் கம்பெனி ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. அடுத்த மாதம் முதல் தவணை கட்ட வேண்டும், 31 லட்சமும் மூலையில் கிடக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான் சொல்கிறேன். போகும்போது உங்கள் ஜாப்பின் புரோகிராமை நீங்களே கொண்டுபோங்கள், அவர்கள் புரோகிராமை ஓட்டவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். எம்டிஐயில் ஐந்து அச்சையும் ஒரே வரியில் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. கன்ட்ரோலர் பெயரைப் போட்டோ எடுத்துத் தெரிந்தவர் யாருக்காவது அனுப்புங்கள். டயலைப் பையில் போட்டுக்கொண்டே போங்கள். 'ஐந்து அச்சும் ஒரே நேரத்தில்' என்று பில்லில் எழுதாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே கொடவுன், அதே பச்சை டிக், இன்னொரு விஎம்சி மேல் இன்னொரு ரோட்டரி டேபிள், 'ஃபுல் ஃபைவ் ஆக்சிஸ்' என்று போட்டிருக்கிறான். விலை 33 லட்சம். இந்த முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். யாராவது அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியிருந்தால், இன்றைக்கு ஒரு நாள் நிறுத்தி வையுங்கள்.