நேரடியா, மறைமுகமா?

புதுச்சேரி காலாப்பட்டில் இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி தங்கைகள் செமினாருக்கு லேசர் இணைவில் (லேசரால் எரிபொருளை அமுக்கி அணுக்கருக்களை இணைப்பதில்) நேரடி, மறைமுகம் என்ற இரண்டில் எந்த முறையை எடுப்பதென்று தடுமாறுகிறார்கள்.

கற்றையின் சீர்மை
நேரடி: அமெரிக்காவின் ஒமேகா லேசர் நிலையத்தின் 60 கற்றைகளும் எரிபொருள் உருண்டை மீதே விழும். கற்றையில் சிறு திட்டு இருந்தாலும் உருண்டையில் பதிந்து, அமுங்கும்போது பெருகிவிடும். அதனால்தான் கட்டத் தகடு (phase plate, ஒளியலையின் கட்டத்தை இடத்துக்கு இடம் மாற்றும் தகடு) வைத்துக் கற்றையை நுண்புள்ளிகளாக உடைத்து, நிறமாலைச் சிதறலால் (கற்றையின் நிறத்தைச் சற்றே மாற்றி விரிப்பதால்) அவற்றை ஓயாமல் இடம்மாற்றிச் சராசரியாக்குகிறார்கள். எனக்கு அலுக்காத அழகு இது.
மறைமுகம்: அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு மையத்தில் (NIF) 192 கற்றைகள் உலோக உருளையின் உட்சுவரில் பட்டு எக்ஸ் கதிராகும், அந்தக் கதிர்தான் உள்ளே இருக்கும் உருண்டையை அமுக்கும், திட்டுகள் பெரும்பாலும் அங்கேயே கரையும்.

ஆற்றல்
நேரடி: உருண்டைக்குக் கூடுதல் பங்கு சேரும்.
மறைமுகம்: பெரும்பங்கு வழியிலேயே வீணாகிப் போகும். ஆனாலும் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் கொடுத்து 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் எடுத்தது இம்முறைதான்.

ஒளியியலில் ஆசையா? நேரடி. எக்ஸ் கதிர், பிளாஸ்மா என்றால் மறைமுகம்.