குறைமாதச் சிசுக்களின் ஊட்டம்: மட்டக்களப்பில் நடந்த இருநாள் பயிற்சிநெறி பற்றி

சிசு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரிவோருக்காக மட்டக்களப்பு நகரில் அண்மையில் நடத்தப்பட்ட இருநாள் பயிற்சிநெறியில் தாதிய உத்தியோகத்தராக நானும் கலந்துகொண்டேன். அடுத்த அணியில் சேரலாமா என்று கல்முனை, ஏறாவூர்ப் பக்கமிருந்து சக தாதியர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் நாளின் கணக்குப் பயிற்சிதான் இந்நெறியின் உயிர். மேசைக்கொரு பாலூட்டல் அட்டவணையைத் தந்து, வைத்தியர்களையும் தாதியரையும் ஒன்றாக இருந்து நிரப்பச் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது 1,200 கிராம் எடையுள்ள சிசு. கிலோவுக்கு 20 மில்லிலீற்றரில் தொடங்கினால் நாளொன்றுக்கு 24. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஊட்டினால் தடவைக்கு 2 மில்லிலீற்றர். தினமும் கிலோவுக்கு 30 கூட்டிக்கொண்டு போனால், தடவைக்கு 3 மில்லிலீற்றர் வீதம் ஏறும். பிறந்த பின் எடை இறங்கியிருக்கும் நாட்களில் எந்த எடையை வைத்துக் கணக்கிடுவது என்பதில் எங்கள் மேசையிலேயே இரண்டு கருத்து எழுந்தது. பிறந்த எடையை மீண்டும் எட்டும்வரை அதுவே அடிப்படை என்று வளவாளர் தெளிவாக்கினார். ஒரே சிசுவுக்குப் பகலில் ஓர் அளவும் இரவில் வேறோர் அளவும் எழுதப்படுவது இத்தகைய இடத்தில்தான் என்பதை ஒரே மேசையில் இருந்ததால்தான் கண்டோம்.

நாளொன்றுக்குக் கிலோவுக்கு 160 மில்லிலீற்றர் தாய்ப்பால் கொடுத்தாலும், கிலோவுக்குப் புரதம் ஏறத்தாழ 2 கிராம்தான் சேரும். மிகக் குறைந்த எடையுள்ள சிசுவுக்கோ கிலோவுக்கு 3.5 முதல் 4 கிராம் வரை தேவை. தாயின் பாலையே முதன்மையாக வைத்துக்கொண்டு அதில் புரதம் முதலியவற்றைக் கூட்டும் செறிவூட்டியைச் சேர்ப்பது ஏன் என்பதை இந்த ஒரு கணக்கு விளக்கிவிட்டது.

இரண்டாம் நாள், சீம்பாலைக் கையால் கறந்தெடுக்கும் முறையை மாதிரி மார்பகத்தில் செய்து பழகினோம். முதல் நாளில் சில துளிகளே வரும். அவற்றை 1 மில்லிலீற்றர் சிறிஞ்சியில் உறிஞ்சி எடுக்க வேண்டும். கோப்பையில் பிடித்தால் அந்தத் துளிகள் அடியில் ஒட்டி வீணாகிவிடும் என்பதால், சிறிஞ்சியின் நுனியை எங்கே வைப்பது என்பதைக்கூட ஒவ்வொருவரின் கையையும் பிடித்துத் திருத்தினார்கள்.

குறைகளும் உண்டு. திரையில் காட்டிய யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. "பால் வருகுதில்லை மிஸ்ஸி" என்று அழும் தாய்க்கு என்ன சொல்வது என்பதற்கு அரை மணித்தியாலம்கூட ஒதுக்கப்படவில்லை. பால் சுரப்பில் அந்த உரையாடலுக்கு இருக்கும் பங்கை விடுதியில் நிற்பவர்கள் அறிவார்கள். பிரசவத்தின் பின் தாயோடு இருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களோ, பால் கறக்கும் கோப்பைகளையும் பம்பின் பாகங்களையும் கழுவி அவிக்கும் சிற்றூழியர்களோ அழைக்கப்படவும் இல்லை. பால் தாயிடமிருந்து சிசுவின் குழாய்க்கு வந்து சேர்வது இவர்கள் அனைவரின் கைகளையும் கடந்துதான். இது இந்நெறியின் பெரிய இடைவெளி என்றே கருதுகிறேன்.

ஆனாலும் தயங்காமல் செல்லுங்கள். ஒரே விடுதியிலிருந்து வெவ்வேறு வேலைமுறைகளில் நிற்கும் இருவராகச் செல்லுங்கள். பெயர்களை மறைத்து, உங்கள் விடுதியின் பாலூட்டல் அட்டவணைகள் இரண்டைக் கையோடு எடுத்துச் சென்று கணக்குப் பயிற்சியின்போது வளவாளரிடம் காட்டுங்கள்.